தானாக ஆறும் எந்திரங்கள்

பவுலினின் வலது கையிலிருந்து நான்கு விரல்கள் போன அன்று, ஏழாம் எண் பிரஸ் திடகாத்திரமாக இருந்ததாம். விசாரணைக் காகிதம் அப்படித்தான் சொன்னது. எந்திரத்தின் நிலை: நல்லது. ஆகவே விபத்துக்குக் காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. அடியில் பச்சை முத்திரை வேறு.

அந்தக் காகிதத்தை அஞ்சுகம் மூன்று தடவை படித்தாள். ஒரகடத்துக்கு அந்தப் பக்கம், கார்களுக்குத் தகடு வெட்டிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் ஃபிட்டர். நாற்பது பிரஸ்ஸில் எது இருமுகிறது, எது முனகுகிறது என்று சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். ஏழாம் எண் ஆறு வருஷமாகக் கெட்டுக் கிடப்பது அவளுக்குத் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியவில்லை.

பிரஸ் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும். மேல்பாகம் ஒரே ஒரு தடவை இறங்கி, வெட்டிவிட்டு, மேலே போய் நின்றுவிடும். பிறகு கையை விட்டு வெட்டிய துண்டை எடுக்கலாம். கிளட்ச் தேய்ந்துபோனால் அது நிற்காது. யாரும் மிதிக்காமலே இரண்டாவது தடவை இறங்கும். பவுலின் துண்டை எடுக்கக் கையை விட்ட அந்த நொடியில் அதுதான் நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, “ரெண்டாவது தடவை தானா இறங்குச்சு” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். அவள் சொல்லி என்ன ஆகப்போகிறது? எந்திரத்தைப் பற்றி மனிதர் சொல்வது சாட்சியே ஆகாது என்று சட்டம் வந்து அப்போது பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சட்டம் வந்தபோது அஞ்சுகமும்தான் கைதட்டினாள். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வருவார், முதலாளி அறையில் காபி குடிப்பார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். அந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் நிலை அளவீட்டு வாரியம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வாரியத்தின் கருவி ஒவ்வொரு எந்திரத்திலும் ஒட்டிக்கொண்டு அதன் அதிர்வையும் சூட்டையும் சத்தத்தையும் அளக்கும். புதிது, நல்லது, தளர்வு, பழுது என்று நான்கே நிலைகள். இந்த நிலையில் இருப்பது அடுத்த வருஷம் எந்த நிலைக்குப் போக எத்தனை வாய்ப்பு என்று ஓர் அட்டவணை. ஒரு நிலையிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அதற்கடுத்தது என்று கோத்துக்கொண்டே போவதால் எல்லாரும் அதைச் சங்கிலி என்றே சொன்னார்கள். எதை மாற்றுவது, எதை ஓட்டுவது என்று சங்கிலிதான் முடிவு செய்யும். யாரும் அதற்குக் காபி வாங்கிக் கொடுக்க முடியாது. அது போதாதா என்று எல்லாரும் நினைத்தார்கள்.

விபத்து நடந்த நான்காம் நாள் ஏழாம் எண்ணைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினார்கள். அதில் உட்கார வைத்தது ஜெயக்கொடியை. இருபத்தொரு வயசு, ஆறு மாசக் குழந்தையைக் கம்பெனியின் குழந்தைகள் அறையில் விட்டுவிட்டு வந்தவள். அஞ்சுகம் மேனேஜர் கோபிநாத்திடம் போய் நின்றாள். கோபிநாத் கெட்டவர் இல்லை, பயந்தவர். நல்லது என்று அளந்த எந்திரத்தை நிறுத்தினால் சட்டப்படி அது குற்றம், நான் உள்ளே போகவா என்று கேட்டார். அடுத்த அளவீடு வரட்டும், பழுது என்று வந்தால் அந்த நிமிஷமே விளக்கு சிவப்பாகி அது தானே நின்றுவிடும் என்றார். அடுத்த அளவீட்டுக்கு இன்னும் மூன்று மாசம் கிடந்தது.

இன்னொரு கை போவதற்குள் ஏழாம் எண்ணை நிறுத்த வேண்டும். அஞ்சுகத்துக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வெட்டிய துண்டைக் கையால் எடுக்காதே, இடுக்கியால் எடு என்று ஜெயக்கொடியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர் திட்டினால் என்னிடம் அனுப்பு என்றாள். பிறகு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கிண்டியில் இருந்த வாரியத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஐந்து கவுன்ட்டர் ஏறி இறங்கியபின் ஆராவமுதன் என்ற அதிகாரியிடம் அனுப்பினார்கள். சங்கிலியின் தமிழ்நாட்டு அட்டவணையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். முப்பத்தைந்து வயசு இருக்கும், மரியாதையான மனுஷர். நாற்காலி போட்டு, டீ சொல்லி, அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். ஏழாம் எண் பழுது என்று ஆறு வருஷமாகக் கார்த்திகையில் ஒன்று, மாசியில் ஒன்று என்று நான் புகார் எழுதியிருக்கிறேனே, புது கிளட்ச் ஏன் வரவில்லை, ஒவ்வொரு தடவையும் காத்திருக்கவும் என்றே ஏன் பதில் வருகிறது என்று அவள் கேட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“மத்த மாநிலத்துல எல்லாம் பழுதான பிரஸ் பழுதாவேதான் கிடக்குது அம்மா. மாத்தினாத்தான் சரியாகுது. நம்ம பக்கம் மட்டும், பழுதுன்னு புகார் வந்ததுல நூத்துக்கு எண்பத்து மூணு, ஒண்ணையும் மாத்தாமலே அடுத்த அளவீட்டுல நல்லதாயிடுது. ஏன்னு எங்களுக்கே புரியல. தானா ஆறிடுது. தானா ஆறுறதை எதுக்கு மாத்தணும்? அதான் காத்திருக்கச் சொல்லுது.”

இதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டில் வாசித்துக் கைதட்டும் வாங்கியிருந்தார். அஞ்சுகம் அந்த எண்பத்து மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைக்கு சார் அளக்கிறீங்க?”

“விஜயதசமி காலையில. அன்னைக்குத்தான் எல்லா மெஷினும் வேலையில்லாம நின்னிருக்கும், ஒவ்வொண்ணா ஓட்டி அளக்கலாம், உற்பத்தி கெடாது பாருங்க.”

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே வயிற்றெரிச்சலாக மாறியது. ஆயுத பூஜைக்கு முந்தின இரண்டு நாள் அந்தக் கம்பெனியில் என்ன நடக்கும் என்று இந்த மனுஷருக்கு யாருமே சொல்லவில்லையா? நாற்பது பிரஸ்ஸையும் பிரித்துப் போடுவார்கள். மண்ணெண்ணெயில் கழுவுவார்கள், பனியன் வேஸ்ட்டால் ஒவ்வொரு பல்லாகத் துடைப்பார்கள். தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக, வாரியம் அனுப்பாத பாகத்துக்குப் பதிலாக, அஞ்சுகம் உடைந்த இரும்பை எடுத்து அரத்தால் ராவி ராவித் தானே ஒன்று செய்து மாட்டுவாள். புது கிரீஸ், புது பெயின்ட், சந்தனம், குங்குமம், மாலை. அம்மன் முன்னால் ஓட்டை எந்திரத்தை நிறுத்துவது மானக்கேடு என்று ஒருத்தருக்கொருத்தர் போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள். மறுநாள் காலை, பொட்டும் பூவுமாக நிற்கும் பிரஸ்ஸில்தான் வாரியத்தின் கருவி போய் ஒட்டியிருக்கிறது. அவள் ராவி மாட்டிய இரும்பு கார்த்திகை தீபம் வரைக்கும் தாங்கும். அதற்கப்புறம் அங்கே உட்காருகிறவளின் தலையெழுத்து.

“தானா ஆறல சார்,” என்றாள். “நாங்க ஆத்தினோம்.”

அவள் பாதி சொல்லும்போதே ஆராவமுதனுக்கு விளங்கிவிட்டது. டீயைக் கீழே வைத்தார். பிறகு தன் தொழிலுக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

“நீங்க சொல்றது நடந்த கதை. சங்கிலிக்கு நடந்தது தேவையில்ல அம்மா. இப்ப எந்த நிலையில இருக்குங்கிறது மட்டும்தான் தேவை. அதை வச்சுத்தான் அடுத்ததைச் சொல்லும். இங்க எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு கேக்காது.”

“ஆறு வருஷமா நான் ராவி ராவி ஓட்டினதையும் கேக்காதா?”

“கேக்காது. அதோட அழகே அதுதான்.” சொன்னவுடனே அவருக்கே கூச்சமாகிவிட்டது போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளது உள்ளபடி ஒரே ஒரு அளவீடு கிடைத்தால் போதும், அதை யாராலும் தடுக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அஞ்சுகத்துக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. இருபத்திரண்டு வருஷமாக எதைப் பெருமை என்று நினைத்துச் செய்தாளோ, அதுவே பவுலினின் விரலைத் தின்றிருக்கிறது. நன்றாக இருக்கிறதடா உங்கள் கணக்கு என்று ஜன்னல் கம்பியைப் பார்த்துத் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

இந்த வருஷம் யாரும் எந்திரத்தைத் தொடக் கூடாது. சொல்வதற்கு இது எவ்வளவு சுலபம்! சாப்பாட்டு வேளையில் எல்லாரையும் கூட்டி அவள் சொன்னபோது அவர்கள் எதிர்த்த மாதிரி மேனேஜர்கூட எதிர்த்திருக்க மாட்டார். குளித்துப் பொட்டு வைக்காமல் நம்ம வீட்டுப் பிள்ளையைப் பூஜைக்கு நிறுத்துவோமா என்று தணிகாசலம் கேட்டார். மூத்த பிரஸ்காரர், வருஷா வருஷம் கேட்டில் பூசணிக்காய் உடைப்பவர். வாரியத்துக்கும் கம்பெனிக்கும் சண்டை என்றால் அதற்கு அம்மனை ஏன் இழுக்கிறாய் என்று அவர் சொன்னதற்குப் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஏதாவது தெய்வக் குத்தம் ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று இன்னொருத்தி கேட்டாள். அஞ்சுகத்துக்கே அடி மனசில் அந்தப் பயம் இருந்தது.

பவுலின் வந்திருந்தாள். கவனக்குறைவு என்று பதிவான கையை எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது என்பதால், அவள் வெறுமனே பழைய சிநேகிதத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். மாதா கோயிலுக்குப் போகிறவள்தான்; ஆனாலும் ஒன்பது வருஷமாக ஆயுத பூஜைக்கு நாற்பது பிரஸ்ஸுக்கும் மாலை கட்டியது அவள் கைதான். எழுந்து தணிகாசலத்திடம் போய்க் கைக்கட்டை அவிழ்த்து, கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“இதுக்கும் கொஞ்சம் சந்தனம் வச்சுவிடுங்கண்ணே. விஜயதசமிக்குள்ள ஆறிடுதா பாப்போம்.”

தணிகாசலம் அந்தக் கையைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மன் படத்துக்கு மட்டும் மாலை போட்டால் போதும் என்றார்.

அப்படியே நடந்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு ஆயுத பூஜையை அவர்கள் பார்த்ததில்லை. எண்ணெய் வழிய, தூசியும் துருவுமாக நாற்பதும் நின்றன. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, குற்றவாளிகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். விஜயதசமி காலையில் கருவி வந்து ஒவ்வொன்றாக ஒட்டி அளந்தது. நாற்பதில் முப்பத்தொன்று பழுது. ஏழாம் எண்தான் இருப்பதிலேயே மோசம். எல்லாரும் விளக்கு சிவப்பாவதற்காகக் காத்து நின்றார்கள்.

விளக்கு பச்சையாகவே இருந்தது. கோபிநாத்தின் திரையில் ஒரு வரி வந்தது. அளவீடு ஏற்கப்படவில்லை, கருவிப் பிழை என ஐயம், அதிகாரி மூன்று நாளுக்குள் நேரில் வந்து சரிபார்க்கவும்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆராவமுதனே வந்தார். அஞ்சுகத்தைத் தனியாக சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். ஒரே வருஷத்தில் நல்லதிலிருந்து நேராகப் பழுதுக்குப் போக நூற்றில் ஒரு வாய்ப்பு என்கிறது அட்டவணை. ஒரே நாளில் முப்பத்தொன்று அப்படிப் போவது அதன் கணக்குப்படி உலகத்தில் நடக்கவே நடக்காத காரியம். நடக்காததைக் கண்டால் அது கருவியைத்தான் சந்தேகிக்கும். பன்னிரண்டு வருஷமாக ஊட்டிய பொய்யை நம்பி வளர்ந்தது, இப்போது நிஜத்தைப் பார்த்து இது பொய் என்கிறது. கருவிப் பிழை என்று அவர் கையெழுத்துப் போட்டால் பழைய நிலையே அடுத்த விஜயதசமி வரை ஓடும். கருவி சரி என்று போட்டால் பன்னிரண்டு வருஷத்து அட்டவணை தப்பு என்று அவரே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். அவருடைய கட்டுரை, உத்தியோகம், எல்லாம் போச்சு.

“ஒண்ணு ரெண்டுன்னா அது நம்பும் அம்மா. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. ஏழையும் இன்னொண்ணையும் அப்படியே விட்டுட்டு மத்ததைச் சரிபண்ணிடுங்க. மறுபடி அளக்கிறேன். ஏழு நின்னுடும். நான் வாக்குக் கொடுக்கிறேன்.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. அதுதான் பின்னால் நினைத்து நினைத்து அவள் வெட்கப்பட்டது. ஏழு நின்றால் போதும் என்றுதானே மூன்று மாசமாகத் தூங்காமல் கிடந்தாள்? உள்ளே போய் எல்லாரிடமும் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னும் ஸ்பேனரும் வந்தன. அந்த இன்னொன்று எது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தரும் அவரவர் பிரஸ் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். யாருடைய கையைக் காப்பாற்றப் போகிறாய் என்று முப்பது பேர் வாய் திறக்காமல் கேட்டால் எப்படி இருக்கும்? அவள் குனிந்து பன்னிரண்டாம் எண்ணின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள். ஜெயக்கொடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏழை நிறுத்திட்டா என்னை எந்த மெஷின்ல உக்கார வைப்பாங்கக்கா?”

அஞ்சுகத்தின் கை நின்றது. காலியாக இருந்தது பன்னிரண்டுதான். அதைத்தான் அவள் தன் கையாலேயே நல்லது ஆக்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்தாள். அப்போது வந்தது பாருங்கள் கோபம், மூன்று மாசத்துக்கும் சேர்த்து. விடுவிடுவென்று நடந்து ஆராவமுதனை முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள், இழுத்து வந்தாள் என்றே சொல்லலாம். ஏழாம் எண்ணின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். மெயினைப் போட்டாள். மோட்டார் உறுமியது. கோபிநாத் ஓடி வந்து என்ன இது, என்ன இது என்றார். தணிகாசலம் அவரை ஓரமாக நிறுத்திக்கொண்டார்.

“கருவி தப்புன்னா மெஷின் நல்லாருக்குன்னு அர்த்தம் சார்,” என்றாள் அஞ்சுகம். இடுக்கியால் ஒரு தகட்டை எடுத்து உள்ளே வைத்தாள். “ஒரு தகடு வெட்டுங்க. வெட்டிட்டுக் கையை விட்டுத் துண்டை எடுங்க. எடுத்த கையால கையெழுத்துப் போடுங்க. நாங்க ஒத்துக்கறோம்.”

ஆராவமுதன் பெடலை மிதித்தார். என்ன தோன்றியதோ, மிதித்துவிட்டார். மேல்பாகம் இறங்கித் தகட்டை வெட்டி மேலே போனது. துண்டு உள்ளே கிடந்தது. அவர் வலது கை மடியிலிருந்து எழுந்து, பாதி தூரம் போய், அங்கேயே நின்றது. சுற்றிலும் எண்பது கண். பவுலின் எதிரே நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிதிக்காமலே பிரஸ் மறுபடி இறங்கியது.

அவர் கையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. அஞ்சுகம் மெயினை அணைத்தாள். அந்த அமைதியில் அவர் பையிலிருந்து வாரியத்தின் தொடுதிரைப் பலகையை எடுத்து, கருவி சரி என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. முப்பத்தொரு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. ஜெயக்கொடி ஓவென்று அழுதுவிட்டாள். தணிகாசலம் அம்மன் படத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆராவமுதன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தன் காரை நோக்கி நடந்தார். பாவம், அவருக்கு இனி என்ன காத்திருக்கிறதோ என்று அந்தச் சந்தோஷத்திலும் அஞ்சுகத்துக்குத் தோன்றியது.

சுவரில் இருந்த பெட்டி வாரியத்தின் ஆணையை அச்சடித்துத் துப்பியது. பவுலின்தான் இடது கையால் அதைக் கிழித்து எடுத்தாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“ஏழாம் எண் எந்திரம் இன்று முதல் பழுதுன்னு போட்டிருக்குக்கா,” என்றாள். “இன்று முதல். அப்போ ஆடி மாசம் என் கை போனப்ப அது நல்லாத்தான் இருந்துச்சா?”

அஞ்சுகம் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அதில் முந்தின நாட்களுக்கு என்று ஒரு கட்டமே இல்லை. ஆராவமுதனின் கார் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. செருப்பைக்கூடப் போடாமல், அந்தக் காகிதத்தோடு அவள் அதை நோக்கி ஓடினாள்.